வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்ட கிறிஸ்துமஸ்

கொரியாக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் துண்டு கொடுத்தாக வேண்டும். கம்பெனி தொடங்கிய நாள் என்றால் ஒரு துண்டு. மூன்றாவது மாடிக் கான்கிரீட் முடிந்தால் ஒரு துண்டு. அவர்கள் ஊரிலிருந்து பெரிய மேனேஜர் வந்து, மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, நான் கட்டிய கம்பியை நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதற்கும் ஒரு துண்டு. ஓரத்தில் கம்பெனி பெயர், அதற்குக் கீழே கொக்கி கொக்கியாக அவர்கள் எழுத்து. துடைத்தால் தண்ணீரை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். நம் பக்கம் ஒருவனுக்குத் துண்டு போட்டால் அது மரியாதை. மேடை, மைக், கைதட்டல் எல்லாம் உண்டு. இவர்கள் ரேஷன் அரிசி மாதிரி வரிசையில் நிறுத்திக் கையில் திணிப்பார்கள்.

எண்பத்து நாலாம் வருடம் என்று நினைக்கிறேன். அல் கோபாரை விட்டு வெளியே, பஸ்ஸில் போனால் அரை மணி தூரத்தில் எங்கள் கேம்ப். எனக்குக் கம்பி கட்டுகிற வேலை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய் வழியாகப் போனவன் நான். சவூதி என்றால் அரபியிடம் வேலை என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். இறங்கினால் அழைத்துப் போக நின்றவன் கொரியாக்காரன். அரபியை நான் வெள்ளிக்கிழமை கோபார் கடைத்தெருவில் பார்த்ததோடு சரி.

விடிந்ததும் ஒலிபெருக்கி கத்தும். எல்லோரும் வரிசையில் நின்று கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, குதித்து உடற்பயிற்சி செய்ய வேண்டும். பகல் முழுக்கக் குனிந்து கம்பி கட்டப்போகிறவன் காலையில் எதற்குத் தனியாகக் குனிந்து பழக வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. அது முடிந்ததும் "பல்லி பல்லி!" என்று விரட்டுவார்கள். சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தமாம். சுவரே எழும்பாத இடத்தில் பல்லி எங்கே வந்தது என்று முதல் நாள் நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்கும் திட்டு வாங்கினேன்.

இந்தியாக்காரர்களின் அறைகள் நிரம்பிவிட்டதால் என்னை ஒரு பிலிப்பைன்ஸ்காரனுடன் போட்டார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவு இடம். அவன் வெல்டர். கட்டையான ஆள். எந்நேரமும் பாட்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கொரியாக்காரனிடம் கிடையாது. அவன் "பிலிப்பின்", நான் "இந்தியா". ஒரு தேசத்தையே என் தலையில் கட்டி, "இந்தியா, கம்பியைத் தூக்கு" என்பார்கள். நானும் அவனும் பேசியது இங்கிலீஷ் கொஞ்சம், இந்தி கொஞ்சம், மீதி கை. இந்தியில் அண்ணன் என்கிற அர்த்தத்தில் என்னை "பாய்" என்பான். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதனால் அவன் பேசியதை எல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் பிறந்ததும் அவன் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட்டைப் போட ஆரம்பித்துவிட்டான். வெளியே தகரம் தொட்டால் கை வெந்துபோகிற வெயில். உள்ளே மணிச் சத்தமும் பனிப் பாட்டும். அவர்கள் ஊரில் அப்படித்தானாம், நாலு மாசத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவார்களாம். எங்கள் கேம்ப் ஸ்டோரில் கணக்குப் பார்த்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருநாள் கையுறை கொடுக்க வந்தவன், வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, என்ன இது, இப்பவே தொடங்கிட்டானோ? இயேசு பிறக்க முதல் இந்தக் கசெற் செத்துப்போகும், பாருங்கோ."

"நீ வேற தம்பி. ராத்திரி கனவுலயும் இதான் ஓடுது. கேசட்ட ஸ்டோர்ல கட்டி வச்சுரு, உனக்குப் புண்ணியமா போகும்."

அந்த மாதமே கொரியாக்காரர்களின் பெரிய பண்டிகை வந்தது. பௌர்ணமிப் பண்டிகை. அன்றைக்குக் கேம்ப் முழுக்க லீவு. காலையில் அவர்கள் மெஸ்ஸில் பழங்களை அடுக்கி, செத்துப்போனவர்களின் படத்துக்கு முன்னால் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். பிறகு கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் பக்கம் ஜெயித்தது. பரிசு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம் பலகாரம் கொடுத்தார்கள். அரிசி மாவில் பாதி நிலா மாதிரி பிடித்து உள்ளே எள் வைத்தது. கொழுக்கட்டைதான். ஆனால் வெல்லம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதைக் கேள்விப்படாதவன் செய்த கொழுக்கட்டை. பல்லில் ஒட்டியதை எடுக்க எனக்கு மறுநாள் மத்தியானம் வரை வேலை இருந்தது. பிலிப்பின் என் பங்கையும் வாங்கித் தின்றான். அவனுக்கு எதுவும் ஆகும். அந்தப் புளித்த முட்டைக்கோஸைக்கூட விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவான்.

தின்றுகொண்டே அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது. "பாய், இவங்க பண்டிகைக்கு லீவு விட்டாங்கல்ல? நம்ம போர்மேன் கிறிஸ்டியன். வெள்ளிக்கிழமை ஜெபம் அவன்தான் நடத்துறான். டிசம்பர் இருவத்தஞ்சு கேட்டா குடுத்துருவான்."

போன வருடம் அந்தத் தேதியில் அவன் கம்பிக்கூட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். கேசட்டில் அவன் பெண்டாட்டி பேசி அனுப்பியிருந்தாள். அவனுக்கும் தட்டு வைத்தோம், பிள்ளைகள் அதில் கோழிக்கால் வைத்தார்கள் என்று. இந்த வருடம் அவர்கள் சாப்பிடுகிற அதே நாளில் நானும் தட்டு முன்னால் உட்காருவேன், செத்தாலும் அன்றைக்கு ஹெல்மெட்டைத் தொடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு நாள்.

நடுவில் தீபாவளி வந்து போனது. நான் கேட்கவில்லை. கேட்டால் துண்டு கொடுப்பார்கள் என்று தெரியும்.

போர்மேனும் கொரியாக்காரன்தான். ஒல்லியான, சின்ன ஆள். கழுத்தில் எப்போதும் கம்பெனித் துண்டு. அதை மதித்த ஒரே மனிதன் அவனாகத்தான் இருக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் டீ நேரத்தில் பிலிப்பின் போய்க் கேட்டான். நான் பக்கத்தில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், கிறிஸ்துமஸ் லீவு வேணும்."

"உண்டு. எல்லாருக்கும் உண்டு."

பிலிப்பினுக்கு முகமெல்லாம் பல். "தேங்க்யூ சார்! செவ்வாய்க்கிழமை வருது சார்."

"இல்ல. வெள்ளிக்கிழமை. செவ்வாய் கான்கிரீட். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை."

"சார், வெள்ளிக்கிழமை எப்பவுமே லீவுதானே?"

"ஆமா. அதனாலதான் வசதி."

இவ்வளவு வருடம் ஆகியும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே உனக்குச் சொந்தமான நாளை எடுத்து, உனக்கே பரிசாகக் கொடுக்கிறான். போர்மேன் கிண்டல் செய்யவில்லை. அவன் மகனுக்கு முதல் பிறந்தநாள் வந்ததும், அவன் அப்பாவின் நினைவு நாள் வந்ததும் எல்லாம் இங்கே வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்துத்தான் செய்தானாம். அதைப் பெருமையாகவே சொன்னான்.

பிலிப்பின் விடவில்லை. "அப்ப உங்க பௌர்ணமிப் பண்டிகையை மட்டும் ஏன் சார் தள்ளி வைக்கல?"

"நிலா தள்ளிப் போகாது."

"இயேசு மட்டும் போவாரா சார்?"

போர்மேன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "அவர் மன்னிப்பார். நிலா மன்னிக்காது. பல்லி பல்லி."

அன்றைக்கே பிலிப்பின் முடிவு செய்துவிட்டான். கேம்ப் கிளினிக்கில் கம்பவுண்டர் வேலை பார்த்தவன் அவன் ஊர்க்காரன். இருபத்தைந்தாம் தேதிக்குக் காய்ச்சல் என்று சீட்டு எழுதித் தருவதாக ஏற்பாடு. ஓவர்டைமுக்குக் கொரியாக்காரன் கொடுக்கிற நூடுல்ஸ் பாக்கெட்டுகளை அவன் தின்னாமல் கட்டிலுக்கடியில் சேர்த்துக்கொண்டே வந்தான். அதிலிருந்த காரப் பொடியை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டான். அந்த நூடுல்ஸும், பூண்டு போட்டு வினிகரும் சோயா சாஸும் ஊற்றிய கோழியும்தான் விருந்து. அறையில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். சவூதியில் அந்தப் பண்டிகையை வெளியே தெரியக் கொண்டாடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரில் சமைத்தான். பன்றி இல்லாத கிறிஸ்துமஸ் ஒரு கிறிஸ்துமஸா என்று கோழியைப் பார்த்துப் புலம்பினான். வாசனை வெளியே போகாமலிருக்க, சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த அத்தனை கம்பெனித் துண்டுகளையும் எடுத்துச் சுற்றிவைத்தான்.

இதற்குள் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. பாலைவனத்துக் குளிர் சாதாரணமாக இருக்காது. பல் கிட்டித்துக்கொண்டது. நானும் கம்பவுண்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்தேன். பிலிப்பினுக்கு வந்ததே கோபம்.

"பாய், நீயும் படுத்தா சந்தேகம் வரும்! ஒரே ரூம்ல ரெண்டு பேரா? நீ டியூட்டிக்குப் போ."

"ஏண்டா, நெசக் காய்ச்சக்காரன் வேலைக்குப் போகணும், பொய்க் காய்ச்சக்காரன் போத்திப் படுக்கணுமா?"

"ஒரு நாள்தானே பாய்."

"எனக்கும் ஒரு நாளுதாண்டா. செத்தா."

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் உடற்பயிற்சி முடித்துச் சைட்டுக்குப் போய்விட்டார்கள். சத்தம் அடங்கியதும் பிலிப்பின் எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பித் துண்டுகளை முறுக்கி அவனே செய்து அலமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த நட்சத்திரத்தை எடுத்துக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டான். தட்டுகளைத் துடைத்தான். சட்டிக்காகக் குனிந்தான். கதவு தட்டும் சத்தம்.

வெள்ளைச் சட்டையோடு போர்வைக்குள் பாய்ந்தான். நட்சத்திரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டான். நான்தான் நடுங்கிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். போர்மேன். கையில் ஒரு அலுமினியப் போணி, அதைச் சுற்றி ஒரு துண்டு.

"பிலிப்பின், காய்ச்சலா?"

"ஆமா சார். தலை. வயிறு. எல்லாம்."

"எல்லாமா?"

"எல்லாம் சார்."

போர்மேன் கட்டிலில் உட்கார்ந்து போணியைத் திறந்தான். கஞ்சி. வெள்ளை வெளேரென்று, மேலே ஒரு சொட்டு எண்ணெய். அவர்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் இதைத்தான் கொண்டுபோவார்களாம். கரண்டியில் அள்ளி, வாயால் ஊதி, "திற" என்றான். கோழியை நினைத்துக்கொண்டு படுத்திருந்தவன் வாயில் உப்பில்லாத கஞ்சி. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி. பிலிப்பின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாவம், ரொம்ப நோய்" என்று போர்மேன் இன்னொரு கரண்டி கொடுத்தான்.

அறை முழுக்கப் பூண்டும் வினிகரும் மணத்துக்கொண்டிருந்தது. தண்ணீரையே உறிஞ்சாத துண்டு வாசனையையா உறிஞ்சப்போகிறது? போர்மேன் மூக்கை இரண்டு தடவை சுருக்கினான். பிறகு என் பக்கம் திரும்பி என் நெற்றியில் கை வைத்தான்.

"இந்தியா, உனக்கு இன்னைக்கு என்ன பண்டிகை?"

"மாஃபி சார். ஒண்ணும் இல்ல."

"அப்ப உன் காய்ச்சல் நிஜம்." கஞ்சிப் போணியை என் கையில் கொடுத்தான்.

எழுந்துபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டுச் சட்டியை இழுத்தான். துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தான். மரியாதையாக மடித்தும் வைத்தான்.

பிலிப்பின் போர்வைக்குள்ளிருந்து கத்தினான். "அது இந்தியாவோடது சார்!"

பாவி. ஒரே அறையில் ஒரு வருடம் படுத்துக் கிடந்தவன்.

"இந்தியா கோழியில வினிகர் ஊத்துவானா?" என்றான் போர்மேன். "எழுந்திரு. சட்டை கசங்குது."

கண்ணை மூடி அவன் பாஷையில் ஜெபம் செய்தான். நீளமான ஜெபம். பிலிப்பின் கையில் நட்சத்திரத்தோடு எழுந்து உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் தின்றார்கள். பிலிப்பினுக்குத்தான் மனது ஓயவில்லை.

"சார், கான்கிரீட் போடுறாங்களே. சைட்ல யாரு இருக்கா?"

"நோயாளியைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று போர்மேன் எலும்பைக் கடித்தான். "நீ மெதுவா சாப்பிடு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுகிற ஆள், இதை மட்டும் தள்ள முடியாமல் கஞ்சிப் போணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதை நேராகச் சொல்லி எல்லோருக்கும் லீவு விட வாய் வரவில்லை. ஒருத்தன் காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இன்னொருத்தன் கஞ்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நடுவில் நிஜக் காய்ச்சல்காரன் நான், கையில் கஞ்சியோடு. உப்பு கேட்டேன். நோயாளிக்கு உப்பு ஆகாது என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

சட்டி காலியானதும் போர்மேன் கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்தான்.

"காய்ச்சல் போச்சா?"

"போகல சார்" என்றான் பிலிப்பின், கெஞ்சலாக.

"போச்சு. ஹெல்மெட் எங்க? யல்லா, பல்லி பல்லி."

மத்தியான டியூட்டிக்கு வெல்டர் போய்விட்டான். போகும்போது என் காதருகே குனிந்து, "பாதி நாள் கிடைச்சிருச்சு பாய்" என்றான். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி சிரிப்பு. எனக்கென்று ஒரு எலும்புகூட மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெஸ் கதவைச் சாத்தி, உள்ளே எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். இன்றைக்குக் கிறிஸ்துமஸ் என்று போர்மேன் விறைப்பாக நின்று அறிவித்தான். அதற்கென்று அடித்து வந்த துண்டு, ஓரத்தில் ஒரு பச்சை மரம். பிலிப்பின் தன் முறை வந்ததும் துண்டை வாங்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சார், அப்ப செவ்வாய்க்கிழமை நடந்தது என்ன சார்?"

போர்மேன் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் நான்தான். எனக்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டை வாங்கித் துடைத்தேன். பச்சை மரம் மூக்கில் ஒட்டிக்கொண்டது.