எல்லாருக்கும் விளங்கிய ஜெபம்

“கலியாணமும் கட்டேல்லை, பிள்ளையும் பெறேல்லை. கஷ்டப்படுற பொம்பிளையளுக்கு நீ என்னடி ஆறுதல் சொல்லப் போறாய்?”

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். மிசன் விடுதியில் தங்கிப் படித்தேன், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்தில், கிறிஸ்தவப் பெண்களின் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய துன்பத்தைக் கேட்டு ஜெபிக்கும் வேலையும் கிடைத்திருந்தது.

“நான் சொல்லத் தேவையில்லை அம்மா. வேதம் சொல்லும்” என்றேன். அந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

வியாழக்கிழமைகளில் மூலை வளவு வீட்டுக்குப் போவேன். அங்கே ஓர் அக்கா தனியாக இருந்தார். அடையாளங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். அவருடைய கணவர் மலாயாவில் கிளாக்கர். ஞாயிறுதோறும் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு மிசன் கோயிலுக்கு வருவார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, “அவர் உங்களையெல்லாம் சுகம் கேட்டு எழுதியிருக்கிறார்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

நான் ஐந்தாம் முறை போனபோது உண்மையைச் சொன்னார். பதினாலு மாதமாகக் கடிதமே இல்லை.

“நான் எழுதுறதுகள் திரும்பி வாறேல்லை, பிள்ளை. அப்ப அங்கை ஆரோ வாங்கினமெல்லோ?” என்றார். இரவில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்குவாராம். பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற இடம் வந்ததும் வாய் நின்றுவிடுமாம். நான் மூன்று வசனங்கள் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் புறப்படும்போது, “இது உம்மோடை இருக்கட்டும்” என்றார்.

“ஓம் அக்கா.”

சனிக்கிழமை பின்னேரம் பெண்களின் ஜெபக்கூட்டம். பிறர் துன்பத்தை அறிந்தவர்கள் பெயர் சொல்லாமல் அதை முன்வைத்து வாய்விட்டு ஜெபிப்பது அங்கே வழக்கம். நான் நன்றாக ஜெபிப்பேன் என்று பலரும் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். நடந்து வரும்போதே சொற்களை அடுக்கிக்கொண்டு வருவேன். அன்று, கடல் கடந்த கணவரிடமிருந்து எழுத்தொன்றும் வராமல், மன்னிக்கவும் முடியாமல் தவிக்கும் ஒரு சகோதரிக்காக ஜெபித்தேன். ஆமென் பலமாக எழுந்தது.

வெளியே வரும்போது, குடை பிடித்திருந்த ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

“பிள்ளை, மூலை வளவுக்காரியைத்தானே சொன்னனீர்?”

“இல்லை, அது வேறை ஆள்.”

“வேறை ஆருடைய மனுசன் கடலுக்கு அங்காலை இருக்கிறார்? போன ஞாயிறும் எனக்குச் சுகம் கேட்டவராம்!”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அக்கா கோயிலுக்கு வரவில்லை. வியாழக்கிழமை வாசல் படலை பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“எனக்காகச் செபிச்சனீராம். நல்லாச் செபிச்சனீராம். எல்லாருக்கும் விளங்கிச்சுதாம்.”

எனக்கு இந்த வேலையைத் தந்த வெள்ளைக்கார மிசியம்மாவிடம் போனேன். ஒருவரின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஜெபிப்பது ஒருபோதும் பாவமாகாது என்றார். இனி வியாழக்கிழமைகளில் போகும்படி, வேறு ஒழுங்கையிலுள்ள வீடுகளின் பட்டியலொன்றைக் கையில் தந்தார். அன்றிரவு அறையில் இருந்தபோதுதான் ஒன்று விளங்கியது. இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. சொன்னால் அக்காவின் கதையை இன்னொரு தடவை சொன்னதாகிவிடும். அங்கே அவருக்கு நான் ஒருத்திதான் இருந்தேன், அந்த ஒருத்தியும் இல்லாமற் போனாள். எனக்கு யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

அடுத்த வியாழனும் போனேன். படலை பூட்டியே இருந்தது. அதற்கடுத்த வியாழன் வேலியோரம் நின்று, கேட்கிறாரோ இல்லையோ என்று தெரியாமலே பேசினேன்.

“அக்கா, எங்கடை வீட்டிலை என்னோடை எல்லாரும் சந்தோசமாய் இருக்கினம் எண்டு நான் கூட்டத்திலை சாட்சி சொன்னனான். அது பொய். நான் வேதத்திலை சேர்ந்ததிலையிருந்து, வீட்டை போனால் விறாந்தையிலை வைச்சுத்தான் சோறு போடுவினம். அடுப்படிக்கு வர விடமாட்டினம். சாப்பிட்ட கோப்பையையும் நானே கழுவி வைக்கவேணும். இது ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் ஆருக்கும் சொன்னாலும் நான் கோபிக்கமாட்டன்.”

உள்ளே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அது வேலியருகே வந்து நின்றது.

“அம்மாவுமோ?” என்றார்.

“ஓம். அவதான் கொண்டுவந்து வைக்கிறவ.”

நான் திரும்பிப் போகலாம் என்று நினைத்தபோது சொன்னார்:

“படலை திறக்கமாட்டன். வாற கிழமையும் வேலியடியிலை நிண்டு கதையும். செபம் ஒண்டும் வேண்டாம்.”

மறுநாள் காலை அந்தப் பட்டியலை மிசியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வியாழக்கிழமைகள் எனக்கு மூலை வளவுக்கே வேண்டும் என்றேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் இனிப் பிறருக்காக வாய்விட்டு ஜெபிக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் என்று கேட்டார். நான் சொல்லவில்லை.