அத்தை கேட்ட பூ

ஹாம்பர்க்கில் ரொட்டி வாங்கப் போனால்கூட, துண்டு போடவா வேண்டாமா, தடிமனாகவா மெல்லிதாகவா என்று கேட்டுக் கேட்டுத்தான் தருகிறார்கள். எங்கள் ஊர் கடத்தூர் மளிகைக்கடையில் என் முகத்தைப் பார்த்ததுமே பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். வந்த புதிதில், என் விருப்பத்தையும் ஒருவர் நின்று கேட்கிறாரே என்று பூரித்துப்போனேன். இப்போது அந்த ரொட்டிக்கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

போன குளிர்காலத்தில் என் கணவர் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், ஆபரேஷன் நடக்கும்போதே உயிர் போகவும் போகலாம். செய்யாவிட்டால் நினைவில்லாமல் கொஞ்ச காலம் கிடந்து போய்விடுவார் என்றார் டாக்டர். "அவர் எதை விரும்பியிருப்பார்?" என்று என்னைக் கேட்டார். எங்கள் பக்கம் யார் இதையெல்லாம் பேசிவைக்கிறார்கள்? "நீங்களே சொல்லுங்கள் டாக்டர்" என்றேன். எனக்கு ஜெர்மன் புரியவில்லை என்று நினைத்து, மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வரவழைத்துவிட்டார். அவளும் அதே கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

கடத்தூரில் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டேன். இப்படியான நேரத்தில் எங்கள் பக்கம் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் கூடாது. கொஞ்ச நேரத்தில் அத்தை கூப்பிட்டார்.

"இப்பத்தான் கோயில்ல பூ கேட்டுட்டு வூட்டுக்கு வந்தேன் கண்ணு. வெள்ளப்பூ வந்துருச்சு. தைரியமா கையெழுத்துப் போடு."

போட்டேன். அவர் கண் திறக்கவே இல்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோனபோது ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் தலையெழுத்து என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையெழுத்துப் போட்டவள் நான். என்னைத் திட்டக்கூட ஆளில்லையா? ஆனாலும் உள்ளுக்குள் அந்த வெள்ளைப் பூவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மனே சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும்?

ஹாம்பர்க்குக்குத் திரும்பி வந்தபின், போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அத்தை திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கு வந்தது செவப்புப் பூ கண்ணு."

"வெள்ளப்பூன்னுதானே சொன்னீங்க அத்த?" என்றேன்.

"செவப்புன்னு சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்ட. எம்புள்ள அப்படியே கெடக்கட்டும்னு எப்படி உடுவேன்? அதான் மாத்திச் சொன்னேன்."

வாழ்நாளெல்லாம் விதி விதி என்றவர், அம்மன் கூடாது என்றபோது மகனுக்காக எதிர்த்து நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் அவரவரே தீர்மானிக்கும் ஊரில் வாழும் நான்தான் ஒரு பூவுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறேன். கோபப்படத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

"அங்க உன்ன யாராச்சும் எதாச்சும் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அத்த. நான் சரியாத்தான் முடிவு பண்ணினேன்னு சொல்றாங்க."



"இங்க என்னையும் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல கண்ணு."