மச்சாள் சமைத்த கறுத்த அவரை

மச்சாள் எம்மைப் பிரிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையுடன் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார் அண்ணர். "பெரிசா ஒண்டும் வேண்டாம். எங்களில ஒருத்தியாவே வாழ்ந்தவ எண்டு எழுது, காணும்" என்றார். ஊரிலிருந்து வந்த அனுதாபக் கடிதங்களிலும் உறவினர்கள் அதையேதான் எழுதியிருந்தார்கள். மூன்று நாளாகப் பேனையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணரின் மனைவியாகிய எங்கள் மச்சாள் கியூபா நாட்டின் ஹவானா நகரில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். தாயார் அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து ஒரே மகளை வளர்த்தார். நாட்டில் ஆட்சி மாறியபோது ஸ்பெயினில் இருந்த சிறிய தாயாரிடம் ஒரு வருடத்துக்கென்று அனுப்பப்பட்டவர், அதன் பிறகு பெற்ற தாயைக் காணவே இல்லை. வேலை தேடி லண்டனுக்குப் போனார். பொறியியல் படிக்கப் போயிருந்த அண்ணர், மச்சாள் வாடகைக்கு இருந்த அதே வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தார். கலியாணச் செய்தி கேட்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு கொஞ்சக் காலம் கொதித்தது. பேரப்பிள்ளையின் படம் வந்ததும் ஆறிவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்கு வந்து பிளாக்டவுனில் குடியேறினார்கள். மகள் இங்கே பிறந்தாள்.

அடுத்த இரண்டாம் வருடம் நான் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் மச்சாள் சேலை உடுத்து நின்றார். மடிப்புக்கு மடிப்பு ஊசி குத்தியிருந்தது. "வாங்கோ மச்சாள், பசிக்குதோ?" என்றார். அந்த மூன்று சொல்லையும் ஒரு கிழமையாகப் பாடமாக்கினாராம். பகலில் தையல் தொழிற்சாலை, மாலையில் குசினி என்று ஓடிக்கொண்டே தமிழையும் படித்தார், புட்டு அவிக்கவும் படித்தார். என்னைவிட நன்றாகவே அவிப்பார். அவர் இருக்கும்வரை அதை நான் வாய் திறந்து சொன்னதில்லை.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் தன் நாட்டுச் சமையல் சமைப்பார். ஸ்பானியக்காரர் ஒருவரின் கடையைத் தேடி இரண்டு ரயில் மாறிப் போய்க் கறுத்த அவரை விதை வாங்கி வந்து, இரவே ஊறவிட்டு, உள்ளியும் வெங்காயமும் போட்டுக் கொழகொழவென்று அவிய விடுவார். வெள்ளைச் சோற்றோடு அதைச் சாப்பிடவேண்டும். என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் இரண்டு கரண்டி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டேன். "இப்பதான் மச்சாள் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று சிரிக்கவும் செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். மூன்று நான்கு முறை இப்படி நடந்தது. பிறகு மச்சாள் அந்த அவரை விதை வாங்கப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

இன்னொரு நாள், மடியில் கிடந்த மகளுக்குத் தன் மொழியில் ஏதோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். "மூண்டு பாஷை எண்டால் பிள்ளையள் குழம்பிப் போவினம் மச்சாள். தமிழும் இங்கிலீசும் காணும்" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். "ஓம் மச்சாள், சரி" என்றார். அந்தப் பாட்டை அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. "வெளிநாட்டுக்காரி எண்டு சொல்லவே ஏலாது" என்று வந்துபோவோர் புகழ்ந்தபோதெல்லாம் நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

வயிற்றில் வந்த நோய் ஆறே மாதத்தில் அவரைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை முதலில் தமிழ் போனது, பிறகு ஆங்கிலமும் போனது. மிஞ்சியது அவர் தாய்மொழி. கட்டிலைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. என் கையைப் பிடித்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எஸ்கிரீபெலே, எஸ்கிரீபெலே." நான் ஒவ்வொரு முறையும் "ஓம் மச்சாள், ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

இறுதிக் கிரியைகள் முடிந்து நான்காம் மாதம் ஹவானாவிலிருந்து தாயாரின் கடிதம் வந்தது. அந்தக் கிழவிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அண்ணர் எதுவுமே அறிவித்திருக்கவில்லை. மச்சாளோடு தொழிற்சாலையில் தைத்த சிலி நாட்டுப் பெண் ஒருவரை அழைத்தோம். அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளைகள் இருவரும் ஸ்பானிய மொழியில் கதைக்கிறார்கள், மகள் அந்தத் தாலாட்டை முழுக்கப் பாடுகிறாள், புருஷனின் தங்கச்சி கறுத்த அவரையைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள் என்றெல்லாம் மச்சாள் அவருக்கு எழுதிவந்திருக்கிறார். அதை நினைத்துத் தனக்கு நித்திரை நிம்மதியாக வருகிறதாம் தாயாருக்கு. அடுத்த கடிதத்தில் பேரன் தன் கையால் இரண்டு வரி எழுதட்டும் என்று முடித்திருந்தார்.

வாசித்தவர் கடிதத்தை மடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் மச்சாள் சொன்ன அந்தச் சொல்லைச் சொல்லி, பொருள் கேட்டேன்.

"அவவுக்கு எழுது" என்றார் அவர்.

அண்ணரின் மகன், என் மருமகன், அப்போது கதவடியில் நின்றான். "மாமி, ஐ டோன்ட் நோ ஹவ்" என்று அழத் தொடங்கினான். நானும் அழுதேன்.

அன்று முதல் அந்தச் சகோதரி சனிக்கிழமைதோறும் வருகிறார். பிள்ளைகளோடு நானும் படிக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் மருமகளிடம் தினமும் பேச்சு வாங்குகிறேன். போன மாதம் மருமகன் தன் கையால் எழுதினான்: "அம்மா செத்துப்போனா. நாங்கள் இப்பதான் உங்கட பாஷை படிக்கிறம்." ஒருவரும் அதைத் திருத்தவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டது நான். பதில் இன்னும் வரவில்லை.

மச்சாளைத் தம் பிள்ளைபோல் பார்த்த தாதிமாருக்கும், ஆறு மாதமும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்த அயலவர்களுக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும், அந்தச் சிலி நாட்டுச் சகோதரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மச்சாள் எங்களில் ஒருத்தியாக வாழ்ந்தது உண்மை. அவருக்காக நாங்கள் ஒரு பிடி சோற்றளவுகூட மாறவில்லை என்பதும் உண்மை. மச்சாள், என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆண்டுத் திவசத்துக்கு வரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதியப் படையலில் கறுத்த அவரையும் இருக்கும். நான்தான் சமைக்கிறேன். தூள் போடமாட்டேன். தயவுசெய்து அப்படியே சாப்பிடுங்கள்.