ஒரு சாண் தள்ளி நின்ற கம்பம்

டிராக்டர் ஓட்டிய தாஸ் அண்ணன் கோட்டை விட்டு நகரவில்லை. நகர்ந்தது நான் நட்ட கம்பம். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஊர் கூடி நிற்கையில் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னிப்புக்கென்று எங்கள் வீட்டாருக்குத் தனி இடம் உண்டு. ராயபுரத்தில் எங்கள் தெருமுனை மாதா கோயிலில், பாவம் சொல்லும் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவர் கொடுத்த செபத்தை முடித்துவிட்டால் வெளியே வந்து நிம்மதியாகப் பஜ்ஜி தின்னலாம். நான் அங்கே போகவில்லை. அவ்வளவு சுலபத்தில் இது கழிந்துவிடுவதை நான் விரும்பவில்லை.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சாமியார் இல்லை, உங்களுக்கு மன்னிக்கும் அதிகாரமும் இல்லை. நல்லது!

படிப்பு முடிந்த கையோடு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு மதியம், வெயிலில் கண் கூச, ஒரு கிரேன் வீட்டளவு பெட்டியைத் தூக்கி இன்னொரு பெட்டியின் தலைமேல் வைத்ததைப் பார்த்தேன். மூலைக்கு மூலை பொருந்தியது, விரல் நுழைய இடமில்லை. எப்படி என்று கேட்டதற்கு, மேலே செயற்கைக்கோள், கீழே ஒரு நிலையம், அவ்வளவுதான் என்றார் கிரேன் ஓட்டுபவர். நான் என் கைப்பேசி வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அது என்னைக் கடலுக்குள் நிறுத்தியிருந்தது!

விஷயம் எளிமையானது. விண்ணிலிருந்து வரும் கணக்கில் எப்போதும் கொஞ்சம் பிழை இருக்கும். தரையில் ஓர் ஆன்டெனாவை அசையாமல் நட்டு, அது நிற்கும் இடத்தை மிகச் சரியாக அளந்து அதற்குச் சொல்லிவிட்டால், வானம் சொல்வதையும் தனக்குத் தெரிந்ததையும் ஒப்பிட்டுப் பிழை இவ்வளவு என்று அது சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பைக் கேட்கும் எந்த வண்டியும் விரலளவு துல்லியத்தில் ஓடும்.

யார்டிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். அங்கே வயல்கள். ஓர் இரும்புப் பெட்டிக்குக் கிடைக்கிற துல்லியம் ஒரு விதைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்தது... இன்றுவரை விடவில்லை.

முதல் நிலையத்தை ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில்தான் வைத்தேன், அறிவிப்பு இணையம் வழியாக வயலுக்குப் போய்விடும். பொன்னேரியிலேயே வைத்திருக்கலாம், அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் என்னோடு படித்தவர்கள் சிரித்தார்கள். கொடுங்கையூர்க் குப்பைப் புகைக்கும் எண்ணூர் அனல்மின் சாம்பலுக்கும் நடுவில் விவசாயமா என்றார்கள். அந்தச் சிரிப்புக்காகவே எங்கள் மாடியில் வைத்தேன். வீம்புதான். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்காக வெட்கப்படச் சொல்லாதீர்கள். குப்பையும் கரித்தூளும் வாங்கிக்கொள்ள மட்டுமா இந்த மண்? இங்கிருந்து ஒரு நல்ல சேதி வெளியே போகக் கூடாதா?

தாஸ் அண்ணன் பக்கத்துத் தெரு. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்ட வருகிறீர்களா என்று கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹார்பர் கேட்டாண்ட லைன்ல நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு பாப்பா. வயல்லயாவது வண்டி நவுருமா?"

நகரும் என்றேன். வந்துவிட்டார். என் பேச்சை மட்டும் நம்பி வந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொன்னேரிக்கு அப்பால் எங்களை முதலில் நம்பி நிலத்தைத் திறந்துவிட்டவர் வசந்தாம்மா. அவருடைய வயலில் சொட்டுநீர்க் குழாய்களை மண்ணுக்கடியில் புதைத்தோம். தாஸ் அண்ணன்தான் ஓட்டினார். ஒவ்வொரு குழாயும் போன தடத்தை டிராக்டரில் இருந்த திரை நினைவில் வைத்துக்கொண்டது. முதல் போகம் கத்தரி. நன்றாகவே வந்தது. காய் பறித்து முடித்துச் செடிகளைப் பிடுங்கியதும் நிலம் மொட்டையாகக் கிடந்தது, குழாய்கள் உள்ளேயே இருந்தன. அடுத்தது தர்பூசணி. கோடைக்குக் காய் வர வேண்டும், தேதி தப்பினால் விலை போகாது. விதைக்கு முன் உழ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழாயைத் தொடாமல், இரண்டு குழாய்களுக்கு நடுவில் மட்டும் கொத்துக் கலப்பை போக வேண்டும். அதுதான் எங்கள் வித்தை! அக்கம்பக்கத்து விவசாயிகளை எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டிருந்தேன்.

இடையில் எங்கள் கோயில் திருவிழா வந்தது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் தெருப் பையன்கள் மாடி மாடியாக ஏறி சீரியல் பல்பு கட்டினார்கள். எங்கள் மாடியில் ஆன்டெனாவைத் தாங்கி உயரமாக ஒரு கம்பம் நின்றது. கட்டிக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். வருஷா வருஷம் எந்த வீட்டுக் கம்பத்திலும் கேட்காமல் கட்டுவதுதான் எங்கள் தெரு வழக்கம், இதில் கேட்டதே பெரிய மரியாதை. காற்றில் ஒயர் இழுத்து, பிடிமானம் ஆடிப்போய், கம்பம் சாய்ந்திருக்கிறது. திருவிழா முடிந்ததும் அம்மாவே ஆள் கூப்பிட்டு, கம்பம் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டித் தூணின் அடுத்த பக்கத்தில் புது கிளாம்ப் போட்டு நிமிர்த்தி வைத்துவிட்டார். நான் வயலிலிருந்து திரும்பி மாடிக்குப் போனபோது ஆன்டெனா பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"முன்னைக்கு இப்பதான் ஸ்ட்ராங்கா கீது, ஆட்டிப் பாரு" என்றார் அம்மா.

ஆட்டிப் பார்த்தேன். உண்மைதான், துளியும் ஆடவில்லை.

மறுநாள் உழவு. ஆன்டெனாவின் புது இடத்தை அளந்து சொல்ல ஒரு முழு நாளாவது அது வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உழவைத் தள்ளிப் போடலாம். வசந்தாம்மாவுக்கு ஒரு போன் போதும். வருகிறவர்களிடம் என்ன சொல்வது... திருவிழாவுக்குப் பல்பு கட்டியதில் எங்கள் விஞ்ஞானம் சாய்ந்துவிட்டது என்றா? அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதே கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒரு சாண்தானே என்று சொல்லிக்கொண்டேன். கைப்பேசி என்னைக் கடலில் தள்ளியபோது ஒரு சாண் எனக்குப் பெரிய விஷயமா? எல்லாமே சேர்ந்து ஒரே அளவில் நகரும், கோடு நேராகத்தானே வரும் என்று சொல்லிக்கொண்டேன்.

குழாய்கள் திருவிழாவுக்கு முன், கம்பம் பழைய இடத்தில் நின்றபோது புதைத்தவை என்பதை மறந்துவிட்டேன் என்று எழுத வருகிறது. மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். இரண்டும் ஒன்றல்ல.

உழவு அழகாக நடந்தது. தாஸ் அண்ணன் திரையில் இருந்த கோட்டைக் கொஞ்சமும் பிசகாமல் பிடித்து ஓட்டினார். வரப்பில் நின்றவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நான் எதையெதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் வசந்தாம்மா மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் சொட்டவில்லை. வயல் முழுக்க, வரிசை வரிசையாக, மண்ணைத் துளைத்துக்கொண்டு குமிழ் குமிழாக மேலே வந்தது. வசந்தாம்மா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். பிறகு குனிந்து சேற்றுக்குள் கை விட்டு, கிழிந்த கருப்புக் குழாயை உருவி எடுத்தார். என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அப்போது சொன்னேன்: "டிரைவர் கோட்டை விட்டு நவுந்துட்டாரும்மா."

ஒரே வாக்கியம். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு சரளமாக வந்தது! அம்மா மேல் பழி போடவும் வழி இருந்தது, காற்றின் மேல் போடவும் வழி இருந்தது. ஆனால் நிலையம் தவறு என்று ஆகிவிட்டால் எல்லாமே போய்விடும். ஆள் தவறு என்றால் ஆளை மாற்றினால் போதும். நானே எதிர்பார்க்காத வேகத்தில் என் மூளை இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது.

தாஸ் அண்ணன் சண்டை போட்டிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். போடவில்லை. டிராக்டர் திரையை ஒருமுறை பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "கண்ணு அசந்துட்டேன் போல" என்றார். நான் சொன்னதை நம்பிவிட்டார்! அவர் நம்பியது என்னை அல்ல, என் படிப்பை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவருடைய கண்ணையே அவர் சந்தேகப்படும்படி செய்தேன்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் நிலையத்தை மறுபடி அளந்தேன். கலப்பைத் தடம் தள்ளிப்போன அளவும் கம்பம் நகர்ந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. சரியான எண்களைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். வசந்தாம்மாவுக்கு என் செலவில் புதுக் குழாய் போட்டுக்கொடுத்தேன். டிரைவர் செய்த தப்புக்கு இந்தப் பொண்ணு பொறுப்பேற்றுக்கொண்டது என்று ஊர் என்னைப் பாராட்டியது. பாராட்டை வாங்கிக்கொண்டேன். அந்தத் தர்பூசணிப் பருவம் தவறியது தவறியதுதான். தாஸ் அண்ணனை அந்தப் பக்கத்தில் யாரும் வரப்பேற விடவில்லை. அவர் டிரெய்லருக்கே திரும்பிப் போனார். இன்னொரு டிரைவரை வைத்தேன். வேலை வளர்ந்தது.

போன மாதம் துறைமுக கேட்டுக்கு முன்னால் லாரி வரிசையில் அவரைப் பார்த்தேன். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி.

என்ன அண்ணா இது என்று கேட்டேன். அன்றைக்கு வயலில் ஆனதிலிருந்து கண் மேல் நம்பிக்கையே போய்விட்டது, கடையில் சோதித்தபோது பவர் இருக்கிறது என்றார்கள், போட்டுக்கொண்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வயதில் யாரைச் சோதித்தாலும் ஏதோ ஒரு பவர் வரும். அவருக்கு அது தெரியாது. என் பொய்க்கு அவர் மூக்கின் மேல் ஒரு சாட்சி உட்கார்ந்திருந்தது!

அங்கேயே, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, கம்பம், ஒரு சாண், நான் சொன்ன வாக்கியம். ஸ்டீரிங் மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வசந்தாம்மா கைல சொல்ட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"அப்போ இன்னாத்த சொன்னே நீ?"

வரிசை நகர்ந்தது. அவரும் வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

இதைக் கேட்டதும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்கு எதற்கு இந்த வேலை, எல்லாவற்றையும் மூட்டை கட்டட்டும் என்பீர்கள். மாட்டேன்! பொய் சொன்னது நான், வானம் இல்லை. அந்த அறிவிப்பை நம்பி இன்றைக்கும் பல வயல்களில் வண்டி ஓடுகிறது, சரியாகவே ஓடுகிறது. அதை மூடினால் என் மனசாட்சிக்கு வேண்டுமானால் அலங்காரமாக இருக்கும். வயலுக்கு என்ன லாபம்?

என் தப்பு எனக்கு வேறொன்றைக் காட்டியது. ஒற்றை நிலையத்துக்குத் தான் நகர்ந்தது தெரியவே தெரியாது. நாம் சொன்ன இடத்தையே நம்பி, முழு நம்பிக்கையோடு தப்பாக அறிவித்துக்கொண்டிருக்கும். அறிவிப்பு எட்டும் தொலைவில் இன்னொன்று இருந்தால் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று ஒரு சாண் நகர்ந்தால் மற்றது உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதுக்குச் சரியான இடம் வசந்தாம்மாவின் மோட்டார் கொட்டகைக் கூரை. வானம் நாலா பக்கமும் திறந்து கிடக்கும் இடம் அது.

நாளைக் காலை முதல் ரயிலில் போகிறேன். அன்று வரப்பில் நின்றவர்களை எல்லாம் வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை: நகர்ந்தது தாஸ் அண்ணன் இல்லை, என் கம்பம் என்ற வாக்கியத்தை அவர்கள் முன்னால் சொல்லத்தான். தாஸ் அண்ணனுக்கும் சேதி அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. வர மாட்டார் என்றே நினைக்கிறேன். வந்தாலும் அந்தக் கண்ணாடி இனி கழலாது... பழகிவிட்டது, இல்லாவிட்டால் எழுத்து தெரிவதில்லையாம்.

வசந்தாம்மா என்னை விரட்டலாம். கூரையைத் தர மறுக்கலாம். அப்படியானால் அடுத்த வயலில் போய் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அங்கே கூரை கேட்பேன். வெட்கம் கெட்டவள் என்பார்கள். சொல்லட்டும்.

புதுக் கம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். யாரும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. நாளை அந்தக் கொட்டகைக்கு முன்னால் முதலில் வாக்கியம், பிறகுதான் கம்பம். இந்த வரிசையை மட்டும் யாருக்காகவும் மாற்ற மாட்டேன்.