எல்லாப் பூவுக்கும் காப்பு

எங்கள் குசினி யன்னலில் ஒரு சிவப்பு நூற்கட்டை இருக்கிறது. சட்டை தைக்க வாங்கிய நூல்தான். பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. எல்லாம் மிளகாய்ச் செடியில் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மச்சானின் நினைவு வரும். அவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சானை நான் முதலில் கண்டது வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வெட்கப்படுபவன். இடைவேளையில் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து கதைக்க, நான் சுவர்ப்பக்கமாக இருந்து தேநீர் குடிப்பேன். அவர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். "உம்முடைய வாயைப் பார்த்துத்தான் தங்கச்சியைத் தந்தனான். வீட்டிலை ஒரு ஆளாவது பேசாமல் இருக்கவேணும்" என்று பிறகு எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். பின்னர் எல்லோரும் ஒஸ்லோவுக்கு வந்தோம். நாங்கள் ட்வெய்ட்டாவில், அவர் எல்லிங்ஸ்ருட்டில் தனியாக. ஒரே மெட்ரோத் தடம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊரிலிருந்து கடித உறைக்குள் வந்த மிளகாய் விதையை இங்கே யன்னலில் காய்க்கவைப்பது. அந்தச் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும், பூக்கும், பூவெல்லாம் கொட்டிவிடும். கடையில் அழகுக்கு விற்ற ஒரு மிளகாய்ச் செடியைக் கொண்டுவந்தார். ஒரு சாண் உயரம், கத்தரிப்பூ நிறத் தண்டு, குளிரிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆனால் வாயில் போட்டால் புல்லுப்போல இருக்கும். இரண்டையும் சேர்த்தால் குட்டைச் செடியில் ஊர் மிளகாய் காய்க்கும் என்பது அவர் கணக்கு. எங்கும் படித்ததல்ல. கைபேசியில் யாரோ செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஊர்ச் செடியின் பூ விரிவதற்கு முன் அதன் மொட்டைச் சாவணத்தால் திறந்து, உள்ளேயுள்ள மகரந்தப் பொடிப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பார். பிறகு, அப்பன் என்று அவர் சொல்லும் குட்டைச் செடியின் பொடியைத் தூரிகையால் தொட்டு வைப்பார். மீன் வெட்டித் தடித்த அந்த விரல்கள் அப்போது மட்டும் குழந்தைக்கு நகம் வெட்டும் விரல்களாக மாறிவிடும்.

செடிகளுக்காக ஊதா விளக்குப் போட்ட பிறகு ஊர்ச் செடியிலும் சில காய்கள் நின்றன. அந்த விளக்கு இரவும் பகலும் வெளியே தெரிந்தது. கஞ்சா வளர்க்கிறார் என்று கட்டடத்தில் கதை பரவி, பராமரிப்புக்காரர் வந்து கதவைத் தட்டினார். மச்சான் அவரை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, ஒரு பழுத்த மிளகாயைக் கையில் கொடுத்தார். மனிதர் கடித்துவிட்டு அரை லீற்றர் பால் குடித்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர். "கஞ்சாக்காரரும் வீட்டிலை இப்பிடித்தானாம் செய்யிறது. ரெண்டு இனத்தைச் சேர்த்துப் புது விதை. அவங்கடை புகை, எங்கடை உறைப்பு" என்றார் மச்சான். "ரெண்டுக்கும் கண் சிவக்கும், அண்ணா" என்றாள் என் மனைவி.

ஒரு ஐப்பசியில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு அழைப்பு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஐந்து பூக்களைச் சேர்த்து, பிஞ்சுக் காம்புகளில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நூல்தான் அவருடைய கொப்பி. சாவியை என்னிடம் தந்து, "அப்பன் செடியிலை பூச்சி விழுந்திட்டுது. மற்றதுக்குப் பரவமுதல் கொண்டுபோய் எறிஞ்சுவிடும். நூல் கட்டினது ஐஞ்சும் பத்திரம்" என்றார். அந்தச் செடி கடையிலும் பிறகு வரவில்லை. ஆக, அந்த ஐந்து பிஞ்சு மட்டும்தான் மிச்சம்.

மனைவி அந்த வருடம் அண்ணனுக்காகவும் சேர்த்துக் கௌரி விரதம் இருந்தாள். விரதம் முடித்துக் கையில் காப்பு நூல் கட்டிய மறுநாள் என்னோடு எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்தாள். நான் அப்பன் செடியைக் குப்பையில் போடக் கீழே போனேன். பராமரிப்புக்காரர் மச்சானின் சுகம் கேட்டு மறித்துக்கொண்டார். எனக்குப் பேச்சை முடிக்கவும் தெரியாது. திரும்பி வந்தபோது ஊர்ச் செடி முழுக்கச் சிவப்பாக இருந்தது. நூல் கட்டாத பூ, பிஞ்சு ஒன்றும் மிச்சமில்லை.

"இஞ்சாருங்கோ, அண்ணா செடிக்கும் காப்புக் கட்டியிருக்கிறார். பாவம், ஐஞ்சோடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். நான் எல்லாத்துக்கும் கட்டிவிட்டன். அந்த ஐஞ்சும் தளர்ந்துபோய்க் கிடந்தது, அவிட்டு இறுக்கிக் கட்டினனான்."

அவள் கண்கள் கலங்கியிருந்தன. மணிக்கட்டில் புதுக் காப்பு. நான் "நல்லது" என்றேன். மச்சான் கட்டிய ஐந்தும் எவை என்று இனி யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது சொல்லவில்லை. இரண்டாம் தடவை, நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். "மச்சான், நான் எல்லாக் காம்பிலையும் நூலைக் கட்டிப்போட்டன்."

"எல்லாத்திலையுமோ? ஏன் காணும்?"

காரணத்தை யோசித்து வைத்திருக்கவில்லை. "வடிவா இருக்குமெண்டு."

அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தையல் நோகாமல் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.

வீடு திரும்பிய அன்று செடி முன்னால் இருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். "ரெட்டை முடிச்சு. வால் ஒட்ட வெட்டியிருக்கு. நீர் சப்பாத்துக் கயிறே ஒழுங்காக் கட்டமாட்டீர்" என்றார். பிறகு அவரே மெல்லச் சொன்னார்: "தங்கச்சிக்குச் சொல்லாதையும், மச்சான்."

காய்கள் வெளியே எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. உள்ளே எந்த விதை புதியது என்று முளைத்தால்தான் தெரியும், அப்பனின் நிறம் தண்டில் வரவேண்டும். பழுத்த ஒவ்வொரு காயின் விதையையும் தனித்தனிப் பால் பெட்டியில் போட்டார். அவர் யன்னல் நிரம்பி, எங்கள் யன்னலுக்கும் வந்தது. முளைத்ததெல்லாம் வெறும் பச்சை. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துத் தள்ளிவைக்கும்போது அவர் முகம் சுருங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். ஒரு காலை மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சை வந்து பாருங்கோ, இதின்ரை கால் கத்தரிப்பூ நிறமாயிருக்கு!" ரெலிபோன் எடுத்தவுடனே மச்சான் மெட்ரோவில் வந்து இறங்கினார். சப்பாத்தோடு குசினிக்குள் வந்து குனிந்து பார்த்தார். தங்கச்சியின் தலையில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.

அடுத்த தலைமுறை நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்து வந்தது. அதில் ஒரு குட்டைச் செடியின் காயைக் கடித்துவிட்டு, "உறைப்பு வந்திட்டுது. வாசம் இன்னும் வரேல்லை. திரும்பவும் ஊர்ச் செடியோடை சேர்க்கவேணும்" என்றார். அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில், நித்திரையிலேயே போய்விட்டார்.

இந்த வருடம் நானே செய்து பார்த்தேன். முதல் மூன்று மொட்டுக்கள் கிழிந்தன. நாலாவது நின்றது. நூல் கட்டத் தெரியாமல் நான் தடுமாற, மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நூற்கட்டையை வாங்கினாள். அந்த ஒரு காம்பில் மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டு, வாலை ஒட்ட வெட்டினாள். மற்றப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மற்றதுக்கு வேண்டாம்" என்றாள். "ஒருக்கால் எல்லாத்துக்கும் கட்டி அண்ணாவை அலைய வைச்சிட்டன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "உனக்குத் தெரியுமே?"

"அத்தனை பால் பெட்டியைக் கண்டும் விளங்காமல் இருக்குமே? நீங்கள் ரெண்டு பேரும் சொல்லாமல் விட்டது, எனக்காகத்தானே. அதாலை நானும் கேக்கேல்லை."

நூற்கட்டையை அது இருந்த இடத்திலேயே, யன்னலில் திரும்ப வைத்தாள்.