காற்றில் நின்ற தெரு

நேற்று மகள் சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டாள்: "அம்மா, ரெண்டு லென்ஸ் வைச்சா கடைசிப் படம் எங்க வரும்?"

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையோடு கேள்வி வந்ததால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சில் லென்ஸ் எனும் வில்லைக்கும் பருப்புக்கும் ஒரே சொல்தான்: லான்டிய். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மூக்குக்கண்ணாடி பொருத்தும் படிப்புக்குப் போன முதல் கிழமை, "இரண்டு லான்டிய் எடுங்கள்" என்று ஆசிரியை சொன்னபோது, நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடையின் மைசூர்ப் பருப்புப் பைதான் என் மனதில் வந்தது.

பருப்பு பரவாயில்லை. வில்லைதான் வில்லங்கம். ஒரு வில்லையென்றால் சூத்திரத்தில் போட்டு விம்பம் எங்கே என்று சொல்லிவிடுவேன். இங்கே வருமுன் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் படித்தேன். சண்டைக்குள் ஆய்வுகூடம் எங்கே? இரண்டு வில்லை என்றால், முதலாவதின் விம்பத்தை இரண்டாவதற்குப் பொருளாக எடுக்க வேண்டும். வெறும் காற்றில் இருக்கும் ஒன்று எப்படிப் பொருளாகும்? அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தேன். மறுபடி தவறினால் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கப் போகவேண்டியதுதான்.

எங்களுக்கு மேல்மாடியில் சுதா இருந்தாள். சென்னையிலிருந்து கணினி படிக்க வந்தவள். சோதனைக்கு முந்தின சனிக்கிழமை சீனி கேட்டு வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் எல்லாம் மறந்துடுச்சுக்கா. செஞ்சே பாத்துடலாமா?"

இரண்டு பூதக்கண்ணாடி வாங்கிவந்தோம். யன்னலைப் போர்வையால் மூடி, ஒரு வட்டம் மட்டும் விட்டு, அதில் ஒன்றை ஒட்டினோம். நான் வெள்ளைத் தாளொன்றை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தினேன். சட்டென்று எங்கள் தெரு அதில் விழுந்தது, தலைகீழாக, எல்லா நிறத்தோடும். வெளிப் படிக்கட்டுகள் மேலிருந்து தொங்கின. பனி கீழிருந்து மேலே பெய்தது. கீழே காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டிக்கொண்டிருந்த என் கணவர் யூட்டும் தலைகீழாகத்தான் தோண்டினார்.

"இப்போ பேப்பரை எடுங்கக்கா."

எடுத்தேன். தெரு இல்லாமல் போனது. தாள் இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் சுதா இரண்டாவது கண்ணாடியைப் பிடித்தாள். நான் தாளோடு இன்னும் பின்னுக்குப் போனேன். மங்கல், மங்கல், பிறகு தெரு திரும்பவும் வந்தது. நிமிர்ந்து! பனி மேலிருந்து கீழே விழுந்தது. அப்படியென்றால், ஒன்றுமே தெரியாத அந்த வெறுங்காற்றில் எங்கள் தெரு முழுவதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டாவது வில்லை அதைத்தான் பார்த்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு சுதாவிடம் தாளையும் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மற்ற யன்னலைத் தட்டினேன். "இஞ்சேருங்கோ, மேல பாருங்கோ!" திரும்பி வந்து பார்த்தால், பெருவிரல் அளவு யூட் தாளுக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வீடு எரியுதாக்கும் எண்டெல்லோ ஓடி வந்தனான்," என்று மூச்சிரைக்க ஏறிவந்தவர், தாளைக் கண்டதும் கிட்டப் போய்க் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "ஓம்... என்ரை கார் நிக்குது," என்றார் மெதுவாக. சப்பாத்தைக் கழற்றவும் மறந்துவிட்டார்; பனி உருகி நிலமெல்லாம் ஈரம்.

சோதனையில் அதே வகைக் கணக்கு வந்தது. தேறினேன். இப்போது லொங்குய்யில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை.

சுதா படிப்பு முடித்துப் போனாள். முகவரிகள் மாறி மாறி ஆளையாள் தொலைத்துவிட்டோம். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மகள் நடக்கப் பழகிய வருடம் யூட் நோயில் போய்விட்டார். அவருடைய படங்கள் எத்தனையோ இருக்கின்றன. தெரு தாளில் விழுந்த அன்றைக்கு மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை. அன்று பொழுதுபட்டதும் போர்வையைக் கழற்றிவிட்டுத் தாளைப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தாள்.