சிக்கல் எங்கே போனது

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்களோடு நிரல் எழுதும் ஏல்கே அலுவலகத்துக்கு ஆரஞ்சு கேக் வாங்கி வந்தான். மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு, அதன்மேல் க்ரீம். நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் ஃப்ரீஸ்லாந்தில், நல்ல செய்தி யாருடையதோ அவர்தான் கேக் வாங்க வேண்டும். செய்தி இதுதான்: பாலங்களைத் தூக்கித் திறக்கும் கணினி நிரலின் சிக்கல் அளவு அறுபத்தொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. அளவுக் கருவி நான்கு நட்சத்திரம் காட்டியது. திரையில் பல வருடமாகச் சிவப்பாக இருந்த கட்டம் பச்சையாகியிருந்தது.

எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம். விட்ஸ்கே மட்டும் எடுக்கவில்லை. நிரல்களை அளந்து பார்ப்பது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் புதிய நிரல் பாலங்களுக்குப் போகும். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்ன விட்ஸ்கே, டயட்டா?" என்றான் ஏல்கே.

"மீதி எங்க போச்சு?"

"எது?"

"சிக்கல். போன மாசம் அறுபத்தொன்னு. இப்ப ஒம்பது. மீதி எங்க போச்சுன்னு கேக்குறேன்."

"எங்கயும் போகல. ஒழிச்சுட்டேன். அதுக்குத்தானே கேக்கு!"

அவள் சிரிக்கவில்லை. கேக் தட்டை மெதுவாக என் மேசைப் பக்கம் நகர்த்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மோசமான எண்களைக் கண்டு அவள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணைக் கண்டு பயந்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வேலை வெளியாட்களுக்கு விளங்குவதில்லை. மென்பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு சிக்கலானது, எவ்வளவு நல்லது என்று அளந்து சொல்வோம். பெரியதா, நல்லதா என்பதை விடுங்கள், சிக்கல் மட்டும் போதும் இந்தக் கதைக்கு. நிரலின் ஒரு பகுதிக்குள் 'இப்படி இருந்தால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று எத்தனை கிளைகள் பிரிகின்றன என்று கருவி எண்ணும். பத்துக்குள் இருந்தால் ஒரு மனிதர் படித்து மனதில் வைத்துக்கொள்ளலாம். அறுபதைத் தாண்டினால் எழுதியவரே அதைத் தொட அஞ்சுவார். பாலம் திறக்கும் பகுதி அப்படிப்பட்டது. அதை எழுதியவர் ஓய்வுபெற்றுப் படகு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஏல்கே கைவைக்கும்வரை ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

விட்ஸ்கேயின் அப்பா பாலில் கொழுப்பு அளப்பவர். பண்ணை பண்ணையாகப் போவார். மாட்டைப் பற்றி விவசாயி பேசும் பெருமை எதையும் காதில் வாங்கமாட்டார். கண்ணாடிக் குழாயில் கோடு எங்கே நிற்கிறது என்பதுதான் அவருக்குப் பேச்சு. மகளும் அந்த வார்ப்புதான். படிப்பு முடிந்து வந்த காலத்தில் நிரலைத் தாளில் அச்சிட்டு, பென்சிலால் ஒவ்வொரு கிளையாகக் குறித்து எண்ணியவள். கூட்டத்தில் யாராவது "இந்தப் பகுதி சரியில்லைன்னு தோணுது" என்றால் உடனே கேட்பாள்: "எண்ணினியா, நெனச்சியா?" நினைத்தேன் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இதனால் அவளை விரும்பியவர்கள் குறைவு. அவள் சொல்லில் தவறு கண்டவர்களும் குறைவு. பெரிய மனுஷி என்று சொல்லமாட்டேன். அளந்து முடித்த ஒன்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று அவள் நம்பினாள். அது ஒரு நம்பிக்கை மட்டுமே என்பது அவளுக்குத் தெரியாது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அன்று மாலை ஒரே ரயிலில் திரும்பினோம். இருவரும் ஒரே ஊர். கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கடைகள், நடுவே தூக்குப்பாலம்.

"பாலம் மாறல," என்றாள் திடீரென்று. "காத்து மாறல. படகு, சைக்கிள், அவசரப்படுற ஜனம், எதுவும் மாறல. அதையெல்லாம் சமாளிக்கிற புரோகிராம் மட்டும் எப்படி அவ்ளோ சுலபமாச்சு?"

"ஏல்கே வெட்டிப் பிரிச்சிருக்கான். ஒரு பெரிய பகுதி, இப்ப பன்னெண்டு சின்னப் பகுதி."

"தெரியும். ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கு. ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுற இடம்? அதை என் கருவி எண்ணாது. பன்னெண்டு துண்டையும் தனித்தனியா எடைபோடும், அவ்ளோதான்." குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல குப்பையை எல்லாம் கட்டிலுக்கடியில தள்ளிட்டு, அறை சுத்தம்னு காட்டுற மாதிரி. நான் அளக்குறது அறையை மட்டும்தான்."

ரயில் நின்றது. இறங்கி நடந்தோம். பாலத்தின் மணி அடித்துக்கொண்டிருந்தது, தடுப்புக் கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாலத்தின் நடுவே அவள் கணவன் கோசே ரொட்டிப் பையோடு நின்றிருந்தான். கோசேக்கு நடுக்குவாதம். நடந்துகொண்டே இருக்கும்போது கால் சில சமயம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்றாலும் கால் போகாது.

கட்டைகள் பாதியில் நின்று, மறுபடி மேலே எழுந்தன. கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் கேட்டது: "அவசரமே இல்ல கோசே. படகு காத்திருக்கும். அதுல இருக்கிறவரு பீர் குடிச்சிட்டிருக்காரு, பாத்துட்டேன்."

பௌக்யேயின் குரல். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து, திரையில் பார்த்துப் பாலங்களை இயக்குபவள். கோசேயை அவள் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அவனுடைய நீல மழைக்கோட்டை வைத்து அடையாளம் தெரியும்.

கோசேயின் கால் விடுபட்டது. அவன் எங்களிடம் வந்து சேர்ந்தான். "என்ன அளவுக்காரி, இன்னிக்கு நேரத்தோட வந்துட்ட? ஒலகத்தை அளந்து முடிச்சாச்சா?"

விட்ஸ்கே திரும்பி நின்றாள். பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைகள் மீண்டும் முதலிலிருந்து இறங்கின. மணி மீண்டும் அடித்தது. பாலத்தின் மேல் எவரும் இல்லை என்று கம்பத்திலிருந்த ரேடார் கண் பார்த்து முடித்தபின் பச்சை விளக்கு மினுங்கியது. அதன் பின்னரே பாலத்தின் தளம் எழுந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"நிறுத்தின பிறகு," என்றாள். "நிறுத்தினா பழைய புரோகிராம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஒரே பகுதியா இருந்ததால அதுக்கு வேற வழி இல்ல. பன்னெண்டு துண்டா இருந்தா?"

நானும் பாலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை கூட்டம். ஏப்ரல் முதல் தேதி படகுகள் கூட்டமாக வரத் தொடங்கும். அதற்குள் புதிய நிரல் ஏறினால் ஒரே ஆள் நான்கு பாலங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். நான்கு திரைகளை ஒருவர் முழுக்கக் கவனிக்க முடியாது. பாலத்தின் மேல் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது பெரும்பாலும் ரேடார் கண்ணின் பொறுப்பாகிவிடும். எங்கள் மேலாளர் சியர்ட் தாளை விட்ஸ்கே பக்கம் தள்ளினான்.

"நாலு நட்சத்திரம். உன் கருவி, உன் எண். கையெழுத்துப் போடு, காப்பி ஆறிப்போகுது."

"போடமாட்டேன்."

"ஏன்? எந்த எண் சரியில்ல?"

"எல்லா எண்ணும் சரியா இருக்கு."

அறையில் ஒருவர் சிரித்தார். சியர்ட் சிரிக்கவில்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பலருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

"விட்ஸ்கே, எண்ணினியா, நெனச்சியா?"

அவள் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். "நெனச்சேன்," என்றாள். "பயமா இருக்கு. பயத்துக்கு என்கிட்ட எண் இல்ல."

ஏல்கேயின் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒவ்வொரு துண்டையும் சோதிச்சிருக்கேன். நிறுத்துறதைச் சோதிச்சேன், தொடர்றதையும் சோதிச்சேன். ஆறு வாரம் தூக்கமில்லாம செஞ்ச வேலை. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தையில தள்ளிவிடுவீங்களா? இதையே நான் சொல்லியிருந்தா என்னைத் தோலுரிச்சிருப்பீங்க."

"உரிச்சிருப்பேன்," என்றாள். "சரிதான். ஒரே ஒரு தடவை நிஜப் பாலத்துல பாத்துரலாம். எங்க ஊர்ப் பாலத்துல. ஒண்ணும் நடக்கலேன்னா கையெழுத்துப் போட்டுட்டு, கேக்கும் நானே வாங்குறேன்."

அவளுடைய பயத்துக்குச் சியர்ட் இணங்கவில்லை. அது பயனுள்ளது என்று அவன் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை. கையெழுத்து தேவைப்பட்டதால் சம்மதித்தான்.

மறுநாள் காலை புதிய நிரலை எங்கள் ஊர்ப் பாலத்தில் மட்டும் ஏற்றி, பாலச் சாலையை மூடினார்கள். மழை இல்லை, காற்று மட்டும் கால்வாய்த் தண்ணீரைச் சுருக்கிக்கொண்டிருந்தது. சோதனைக்கென்று ஓர் ஆள் உயரப் பொம்மை உண்டு, அதற்கு ஆரஞ்சு மேலங்கி போட்டு நிறுத்துவார்கள். மேலங்கியைக் காணவில்லை. காற்றில் பொம்மை விழுந்துகொண்டே இருந்தது. விட்ஸ்கே தன் காரிலிருந்து கோசேயின் பழைய நீல மழைக்கோட்டை எடுத்து, பைகளில் கல் போட்டு, அதற்கு மாட்டிவிட்டாள். வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை என்றுதான் பிறகு சொன்னாள்.

முதலில் பொம்மையைப் பாலத்தின் நடுவே நிறுத்தினார்கள். வாக்கி-டாக்கியில் பௌக்யே, "தெறக்கட்டுமா?" என்றாள். சியர்ட் சரி என்றான். மணி அடித்தது, கட்டைகள் இறங்கின. ரேடார் கண் பொம்மையைக் கண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. தளம் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றான் ஏல்கே. குரலில் கேலி இல்லை, நிம்மதிதான் இருந்தது. அவனும் பயந்துதான் வந்திருக்கிறான்.

அடுத்தது, பொம்மை இல்லாத பாலம். மணி, கட்டைகள். கண் பார்த்தது, எவரும் இல்லை, பச்சை. அந்த நொடியில் விட்ஸ்கே வாக்கி-டாக்கியில், "பௌக்யே, நிறுத்து. ஒருத்தர் லேட்டா வர்றாரு," என்றாள். கட்டைகள் மேலே போயின. நானும் ஏல்கேயும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடி நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பினோம்.

"இப்போ தொடர்," என்றாள் விட்ஸ்கே. அவள் குரல் அவளுடையது போலவே இல்லை.

கட்டைகள் இறங்கின. மணி அடிக்கவில்லை. சிவப்பு எரியவில்லை. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தளம் எழத் தொடங்கியது.

இரும்பு முனகும் ஓசை கேட்டது. பொம்மை கொஞ்சம் சாய்ந்து, நின்று, மறுபடி சாய்ந்தது. கோட்டின் கைகள் காற்றில் விரிந்தன. அப்படியே முகம் கவிழ்ந்து சரிவில் வழுக்கி, தளமும் சாலையும் சேரும் பிளவை நோக்கி இறங்கி வந்தது.

"கோசே!" வாக்கி-டாக்கியில் பௌக்யே அலறினாள். "கோசே! ஐயோ, கோசே!"

அலறிக்கொண்டே அவசரப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். தளம் பாதியில் நின்றது. பொம்மையின் ஒரு கால் பிளவுக்குள் போயிருந்தது.

"அது பொம்மை, பௌக்யே," என்றான் சியர்ட்.

"தெரியும்!" அவள் அழுதுகொண்டிருந்தாள். "பொம்மைன்னு தெரியும்யா. திரையில எம்மாத்தரம் தெரியும்னு நெனச்ச? இத்துனூண்டு. ஒரு நீலப் புள்ளி. நாலு பாலம் பாக்கச் சொன்னா நான் அதைப் பாத்திருக்கவே மாட்டேன்."

ஏல்கே சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். விட்ஸ்கே அவன் அருகில் போய் நின்றாள். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "ஒவ்வொரு துண்டும் சரியாத்தான் இருக்கு," என்றாள். "நீ எழுதினது தப்பில்ல."

"நின்ன துண்டுலேர்ந்து தொடருது," என்றான் அவன். "பாக்குற துண்டு முடிஞ்சுபோச்சு, அதனால திரும்பப் பாக்கல. சிக்கலைக் குறைக்கணும்னு மட்டும்தான் பாத்தேன். கட்டத்தைப் பச்சையாக்கணும்னு."

"பச்சையாக்குன்னு நான்தான் நச்சரிச்சேன்," என்றாள்.

ஏல்கே துண்டுகளை மறுபடி ஒன்றாகக் கோத்தான். அளவு அறுபதைத் தாண்டியது, கட்டம் சிவந்தது. அந்த வருடம் படகுகளுக்குப் பாலங்களைத் திறந்தது பழைய நிரல்தான். நான்கு பாலத் திட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. விட்ஸ்கே பிழைத்துவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவளுடைய பயம் சரி என்று நிரூபணமாகிவிட்டது, இனி அது தீர்ந்துபோகும் என்று.

தீரவில்லை. அவள் தன் பழைய கோப்புகளைத் திறக்க ஆரம்பித்தாள். சிக்கல் சட்டென்று இறங்கியிருந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்தாள். மதகுகள், நீரேற்று நிலையங்கள், ஓர் ஆஸ்பத்திரியில் தானாக ஓடும் மருந்து வண்டி. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. அநேகமாக எல்லாவற்றுக்கும் நாங்கள் கேக் சாப்பிட்டிருந்தோம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் இருவரோடும் பாலத்தைக் கடந்தேன். நடுவில் கோசேயின் கால் ஒட்டிக்கொண்டது. கீழே படகு காத்திருந்தது. கட்டைகள் இறங்கி, நின்று, எழுந்தன. "அவசரமே இல்ல கோசே," என்றது ஒலிபெருக்கி. விட்ஸ்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் விட்டதும் மூவருமாகக் கரை சேர்ந்தோம். பின்னால் மணி மீண்டும் முதலிலிருந்து அடித்தது.

"கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றான் கோசே. "நடுங்குறது நான், நீ எதுக்கு நடுங்குற? இன்னும் பயமா?"

"இந்தப் பாலத்துக்கு இல்ல," என்றாள் விட்ஸ்கே.